சுமையும் அறமும்

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றுவது நம் மரபு. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991இல் அதற்கு வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முடிவு கட்டின. அவ்வாறிருக்க, வேட்டைக்குள் முறை எது, முறைகேடு எது என்று ஆராய்வது நமக்குத் தகுமோ எனச் சிலர் வினவலாம். தகும் என்பதே என் துணிபு. நாம் ஏற்காத செயலைச் செய்வோரும் தமக்கென வரம்புகள் விதித்துக்கொள்கின்றனர்; அவ்வரம்புகள் மனித மனத்தின் இயல்பை நமக்கு உணர்த்துகின்றன.

அமெரிக்காவின் ராக்கி மலைப்பகுதியில் இலையுதிர் காலம் எல்க் மான் வேட்டைக்குரிய பருவம். மோட்டார் வண்டிகள் நுழையாவண்ணம் வாயிலிட்டு அடைத்த காட்டுப் பாதைகள் அங்கே பல உண்டு. அவற்றில் கூடாரம், உணவு, படுக்கை, வில் அல்லது துப்பாக்கி ஆகியவற்றை மலை மிதிவண்டியிலும் அதன் பின்னே பூட்டிய சிறு இழுவண்டியிலும் ஏற்றிச் செல்லும் வழக்கம் பரவியுள்ளது. 1970களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் இளைஞர்கள் மலைச்சரிவில் உருண்டோடி மகிழ்வதற்கென உருவான வண்டி, இன்று வேட்டைக்காரனின் சுமைதாங்கியாகிவிட்டது.

இதில் குறை என்ன? வளர்ந்த ஆண் எல்க் ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ளது. எலும்பு நீக்கிய இறைச்சியே 100 கிலோ அளவுக்கு வரும். முதுகில் சுமப்பவன் மூன்று நான்கு முறை நடக்க வேண்டும். வெயில் தணியாத செப்டம்பரில் அதற்குள் இறைச்சி கெட்டுவிடக்கூடும். உண்ணத்தக்க இறைச்சியை வீணே அழுகவிடுவது அங்குப் பல மாநிலங்களில் குற்றம். கொன்ற உயிரை வீணாக்காமல் விரைந்து கொணர உதவும் சக்கரத்தைப் பழிப்பது எங்ஙனம்? புகையும் இரைச்சலும் அதற்கு இல்லையே!

எனினும், மறுபக்கமும் உண்டு. 1964ஆம் ஆண்டின் அமெரிக்க வனாந்தரச் சட்டம் காப்பிடப்பட்ட காடுகளில் இயந்திரப் போக்குவரத்தை விலக்கியது. அது மிதிவண்டியையும் உட்படுத்தும் என்பதை 1984இல் வனத்துறை விதி ஐயமற உறுதிசெய்தது. அக்காடுகளில் இறைச்சி இழுக்கும் கைவண்டிக்கும் இடமில்லை, குதிரைக்கு இடமுண்டு. இது முரண்பாடு போலத் தோன்றும். ஆயினும் ஒரிகான் மாநிலத்து ஸ்டார்க்கி ஆய்வுக்காட்டில், நடப்போரையும் குதிரை மீது வருவோரையும் விட மிதிவண்டியில் வருவோரைக் கண்டே எல்க் மான்கள் மிகுதியாக விலகின என்பது புலனாயிற்று. நடப்பவன் ஒரு நாளில் எட்டாத ஆழத்தைச் சக்கரம் காலைப்பொழுதிலேயே எட்டிவிடுகிறது. தொலைவே மானுக்கு அரணாக நின்றது; அவ்வரண் இப்போது சுருங்குகிறது.

அதனினும் நுட்பமானது மனத்தின் மாற்றம். தோளையே நம்பி வந்தவன், விசையை அழுத்துமுன் ‘இதை இங்கிருந்து என்னால் சுமந்து செல்ல இயலுமா?’ என்று தன்னைக் கேட்டுக்கொள்வான். இயலாதெனில் மான் உயிர் பிழைக்கும். சட்டமும் காவலரும் இல்லாத இடத்தில் அவன் கையைத் தடுத்த காவலன் அந்தச் சுமையே. சுமை எளிதாகும்போது அக்கேள்வியும் மெலிகிறது.

ஆகவே, சட்டம் இடந்தரும் பாதைகளில் சக்கரத்தை அறவே விலக்க வேண்டும் என நான் சொல்லேன். சக்கரம் முறிந்தாலும் தன் தோளால் சுமந்து வரக்கூடிய தொலைவில் மட்டுமே கொல்வேன் என்று ஒருவன் உறுதி பூணட்டும். அப்போது வண்டி அவன் உடல் வருத்தத்தைக் குறைக்கும்; பொறுப்பைக் குறைக்காது. கொல்லாமையைப் போற்றும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. புதிய கருவி ஒன்று நம் கைக்கு வரும்போதெல்லாம், அது குறைப்பது நம் களைப்பையா, தயக்கத்தையா என்று எண்ணிப் பார்த்தல் நலம்.