காது அவருடையது, தெரு?

அமெரிக்க அதிபர் டிரம்ப் தன்னைத் திட்டியவர்களை ட்விட்டரில் பிளாக் செய்தார். ஏழு பேர் வழக்குப் போட்டார்கள். 2018இல் நியூயார்க் நீதிபதி பக்வால்டு தந்த தீர்ப்பில் ஓரிடம் எனக்கு முக்கியம்: அதிபர் காதைப் பொத்திக்கொள்ளலாம், ஆளை வெளியே தள்ளக் கூடாது. நாம கத்துறத ஊரு எப்பக் கேட்டுச்சு? அது பழகிப்போன அவமானம். பக்கத்தில் நிற்பவனோடும் பேசவிடாமல் தெருவையே அடைப்பது வேறு. டிரம்ப் பதவி போனபின், 2021இல், உச்ச நீதிமன்றம் அந்த வழக்கையே முடித்துவைத்தது.

2024இல் அதே நீதிமன்றம் கோடு கிழித்தது: அரசின் பெயரால் பேச அதிகாரம் இருந்து, அதைக்கொண்டு பேசியிருந்தால்தான் பிளாக் செய்வது உரிமைப் பறிப்பாகும். இல்லையென்றால் அது அவர் சொந்தத் திண்ணை. அந்த வழக்கின் மிச்சிகன் நகர மேலாளர் ஒரே ஃபேஸ்புக் பக்கத்தில் மகள் படமும் போட்டார், கொரோனா சேதியும் போட்டார். எது திண்ணை, எது தெரு? நிரூபிக்கும் பாரம் வெளியே தள்ளப்பட்டவன் தலையில். திண்ணைக்காரன சாட்சி கேட்டா என்ன சொல்லுவான்?