தோலை நேசிக்க வேண்டுமா?

"உன் தோலை நேசி" என்று இப்போது எல்லாரும் பெண்களுக்குச் சொல்கிறார்கள். மகளிர் தின விழாவில் பேச வருகிறவர்கள் சொல்கிறார்கள். முகப் பூச்சு விற்கிறவர்களும் சொல்கிறார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. கறுத்த பெண்ணைத் தாழ்த்தியது ஊர். அதைச் சரிசெய்யும் வேலை மட்டும் ஏன் அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது? தன்னை நேசிப்பது ஒரு பெண்ணுக்குக் கடமையா?

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிற்றூரின் மெடிக்கலில் மருந்தாளுநராக இருக்கிறேன். நானும் கறுப்புதான். தோலைப் பற்றிப் பெண்கள் வெளியே சொல்லாத பலவற்றை மருந்துக்கடையில் சொல்லிவிடுவார்கள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். மாதவிடாய் பஞ்சு கேட்கும்போது இருந்த கூச்சம் இன்று பெரும்பாலும் போய்விட்டது. "மூஞ்சி வெளுக்குறதுக்கு ஒரு ட்யூப் இருக்காமே அக்கா" என்று கேட்கும்போதுதான் அந்தத் தாழ்ந்த குரல் இன்னும் வருகிறது.

நம் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். "பொண்ணு நல்ல கலர்" என்றால் சிவந்த பெண் என்று பொருள். அப்படியானால் கறுப்பு ஒரு நிறமாகக்கூடக் கணக்கில் இல்லை. நம்மைப் பாராட்டும்போதுகூட "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பார்கள். அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. குற்றம் உறுதியாகிவிட்டது, தண்டனையை மட்டும் குறைத்திருக்கிறோம் என்பது போல. நிறத்தை வைத்துச் சாதியை எடைபோடுவதும் இதே ஊர்தான். "பாத்தா அப்படித் தெரியலையே" என்று சிவந்த தலித் பெண்ணிடம் ஆச்சரியப்படுவார்கள். அந்த ஆச்சரியத்தின் மறுபக்கத்தைக் கறுத்த பெண்கள் எல்லாரும் சுமக்கிறோம்.

இந்தத் தீர்ப்பின் மீது ஒரு பெரிய வியாபாரம் நிற்கிறது. ஃபேர் அண்ட் லவ்லி இந்தியச் சந்தைக்கு வந்தது 1975இல். 2020இல் உலகெங்கும் நிறவெறிக்கு எதிராகப் போராட்டங்கள் எழுந்தபோது அதன் பெயர் க்ளோ அண்ட் லவ்லி என்று மாறியது. அதற்கு முன்பே, 2009இல், சென்னையிலிருந்து 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் தொடங்கியிருந்தது. கறுத்தவர்களைத் தாழ்ந்தவர்களாகக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் விதி வகுத்தது. இவையெல்லாம் பெண்கள் பேசியதால் நடந்தவை. சிறியவை அல்ல.

ஆனாலும் சந்தை சொல்லை மாற்றிக்கொண்ட வேகத்தில் ஆசை மாறவில்லை. 'வெண்மை' போய் 'பொலிவு' வந்தது. விளம்பரத்தில் வர முடியாத பொருள்கள் கடைக்குப் பின்வழியாக வந்தன. எங்களிடம் கேட்கப்படும் அந்த ட்யூபில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் கலந்திருக்கும்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. மங்குக்காகத் தோல் மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருகிற மருந்து அது. அதைத் தினமும் பவுடர் போலப் பூசினால் முதலில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலியும், சிவக்கும், பரு வரும், ரத்த நாளங்கள் தெரியும், முடி முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காது. அதனால் மறுபடி பூசுவார்கள். 2018இல் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. சீட்டு இல்லாமல் நான் தர மறுத்தால், கல்யாணம் நெருங்குகிற பெண் அடுத்த கடைக்குப் போவாள். ட்யூபைவிட மோசமானவையும் உண்டு. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், வெளுக்க வைக்கும் க்ரீம் பூசியவர்களிடம் மருத்துவர்கள் சிறுநீரகக் கோளாறைக் கண்டார்கள். காரணம் அந்தக் க்ரீம்களில் இருந்த பாதரசம்.

இங்கே 'மலிவு' என்ற சொல்லையும் யோசிக்க வேண்டும். சாஷே என்னும் சிறு பாக்கெட்டுக்கு முன்னோடிகளில் ஒருவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். பணக்காரர் வாங்கும் பொருளைக் கூலிக்காரரும் வாங்க முடிய வேண்டும் என்பது அதன் நியாயம். ஷாம்புவில் அது நல்ல நியாயம். தலை எல்லாருக்கும் அரிக்கிறது. ஆனால் அதே பாக்கெட்டில் வெளுப்பு க்ரீமும் வந்தது. தேவையை மலிவாக விற்றால் அது சமத்துவத்துக்கு உதவும். அவமானத்தை மலிவாக விற்றால் அவமானம்தான் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும். ஒரு பொருள் நமக்குக் கட்டுப்படியாகிறதா என்று கேட்பதற்கு முன், அது எதைச் சரிசெய்வதாகச் சொல்கிறது என்று கேட்க வேண்டும்.

உண்மையில் தோல் கேட்பது மிகக் கொஞ்சம். காரம் குறைந்த சோப்பு. குளித்த ஈரம் காயும் முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் அல்லது பெட்ரோலியம் ஜெல்லி. பரு வருகிற முகமென்றால் எண்ணெயை விட்டுவிட்டு, எண்ணெய் சேராத ஒரு எளிய மாய்ஸ்சரைசர். வெயிலில் போனால் முந்தானை, குடை, முடிந்தால் சன்ஸ்கிரீன். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்கவே வேண்டாம், எரியும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். இவ்வளவுதான். இதற்கு மேல் வாங்குகிற பெரும்பாலானவை தோலுக்காக அல்ல, அடுத்தவர் பார்வைக்காக.

எங்கள் கடைக்கு வரும் இன்னொரு கூட்டம் உப்பளத்துப் பெண்கள். உப்பு நீரில் நின்று நின்று பாதம் வெடித்திருக்கும். வெடிப்புக்குள் உப்பு இறங்கிப் புண்ணாகும். மேலே வெயில், கீழே வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பி வரும் வெயில். அவர்கள் வாங்குவது பித்தவெடிப்பு ஆயின்மென்ட். ஒரு நல்ல சன்ஸ்கிரீனின் விலை அவர்களுடைய ஒரு நாள் கூலிக்குப் பக்கத்தில் வரும். "உன் தோலை நேசி" என்று அவர்களிடம் போய் யார் சொல்வார்கள்? அவர்களுக்கு வேண்டிய தோல் பராமரிப்பு பூட்ஸ், கையுறை, நிழல், காலைக் கழுவ நல்ல தண்ணீர். வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் குரோமிய நீரில் கைவைக்கிறவர்களுக்கும், சிமென்ட் குழைக்கும் சித்தாள்களுக்கும் இதுவேதான். தோல் என்பது அழகின் மேற்பரப்பு என்று பேசிப் பேசி, அது உழைக்கும் உறுப்பு என்பதையே மறந்துவிட்டோம்.

தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் செய்யும் செல்கள் கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு நிறமியைச் செய்கின்றன, அது எப்படிப் பரவுகிறது என்பதில்தான் வேறுபாடு. நிறத்தில் இருக்கும் உண்மை இவ்வளவே. மீதி எல்லாம் நாம் ஏற்றி வைத்த பாரம்.

இதைச் சொன்னால், சங்க இலக்கியத்தில் மாமை நிறம்தானே பெண்ணுக்கு அழகு, வெளுப்பு பசலை என்னும் நோய்க்குறிதானே என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். உண்மைதான், வெளுப்பை அழகென்று கொள்ளாத ஒரு காலம் நம்மிடம் இருந்தது என்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அங்கும் தலைவன் பிரிந்தால் அவள் நிறம் கெடும், திரும்பினால் மீளும். அளவுகோலின் நிறம் வேறாக இருந்தது. அவள் தோலை அளந்துகொண்டிருந்தது மட்டும் மாறவில்லை.

அதனால்தான் 'நேசி' என்ற கட்டளையிடம் எனக்குத் தயக்கம். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட், புற்றுநோயோடு வாழ்ந்தபடி 1988இல் வெளியிட்ட நூலில், தன்னைப் பேணிக்கொள்வது ஓர் அரசியல் செயல் என்றார். சாகவிடப்பட்ட ஓர் இனத்துப் பெண் உயிரோடு இருப்பதைப் பற்றிய பேச்சு அது. இன்று அந்தக் கருத்து சோப்பு விற்க உதவுகிறது. முன்பு வெளுக்காதது நம் குறை. இப்போது கறுப்பை மகிழ்ச்சியோடு நேசிக்காததும் நம் குறையாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் தங்கையைக் கேட்டுவிட்டுப் போன அன்று, ஒருத்தி கண்ணாடி முன் நின்று தன்னை நேசிக்க முடியாமல் போனால், அதையும் அவளுடைய தோல்வியாக எழுதலாமா?

கூடாது என்பது என் பதில். நேசம் கட்டளைக்கு வராது. ஆனால் பேணுதல் நேசத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முழங்காலை யாரும் நேசிப்பதில்லை, வலித்தால் கவனிக்கிறோம். தோலையும் அப்படிக் கவனிக்கலாம். சில நாள் பிடிக்கும், சில நாள் பிடிக்காது, பல நாள் அதன் நினைவே வராது. அந்தப் பல நாள்களைத்தான் நான் விடுதலை என்பேன். சிவந்த பெண்ணுக்கும் எல்லா ஆண்களுக்கும் இந்த மறதி இலவசமாகக் கிடைக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்களைவிட மலிவாகக் கிடைக்கிறது.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் நான் கேட்பது சிறியது. உங்கள் முகத்தை நேசித்தே ஆக வேண்டும் என்று உங்களை நெருக்காதீர்கள். அதில் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியதை வெளியே கேளுங்கள்: கல்லூரி விழாவில் வரவேற்பில் நிற்க யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், வேலைக்கான விளம்பரத்தில் 'நல்ல தோற்றம்' என்றால் என்ன, வரன் தேடும் படிவத்தில் நிறத்துக்கு ஏன் ஒரு கட்டம். அந்தக் கட்டம் அழிகிற அன்று, தோலை நேசிக்க வேண்டுமா என்று யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள்.