சந்தேகத்தின் கடன்

ஊரில் கோயில் கொடைக்கு வரி கேட்டு வருகிறவரை நமக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் யார் வீட்டுப் பையன், எந்தத் தெரு என்று இரண்டு கேள்வியில் பிடித்துவிடலாம். ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி, பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டு நாமும் எழுதுவோம். அந்த நம்பிக்கை ஊர் நமக்குச் செய்து கொடுத்த ஏற்பாடு.

இங்கிலாந்தில் குடியேறியதும் அந்த ஏற்பாடு கழன்றுவிடுகிறது. சாயங்காலம் மணி அடிக்கிறது. வாசலில் ஒருவர், கழுத்தில் அட்டை, கையில் உண்டியல். குழந்தைகளின் சிகிச்சைக்கு என்கிறார். பேச்சை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் இந்த ஊர் மொழியில் நமக்கு இன்னும் வரவில்லை. மனசு குறுக்குவழி தேடுகிறது: நிறம், உடுப்பு, உச்சரிப்பு. வாடகைக்கு வீடு தேடி அலையும்போது நம்மையும் இப்படித்தான் எடைபோடுகிறார்கள். அது எப்படி வலிக்கும் என்று தெரிந்தும், கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது அதே தராசைக் கையில் எடுக்கிறோம்.

சந்தேகப்படலாமா என்று கேட்பதைவிட, எதை வைத்துச் சந்தேகப்படுகிறோம் என்று கேட்பது நல்லது.

வீடு வீடாக வசூலிப்பதற்கென்றே அங்கே 1939-இல் ஒரு சட்டம் வந்தது. வசூலுக்கு உரிமம் வேண்டும். பெரும்பாலான இடங்களில் உள்ளாட்சி மன்றம் அதைத் தருகிறது. சில பெரிய தேசிய அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. வருகிறவரிடம் அடையாள வில்லையும் அதிகாரச் சான்றும் இருக்க வேண்டும், உண்டியலுக்கு முத்திரை இருக்க வேண்டும். தொண்டு நிறுவனங்களின் பதிவேட்டை யாரும் இணையத்தில் தேடலாம். ஆனால் நிறுவனம் நிஜம் என்பதை மட்டுமே பதிவேடு சொல்லும். வாசலில் நிற்பவர் அவர்களுடைய ஆள்தானா என்று சொல்லாது. பெயரை யாரும் இரவல் வாங்கலாம். அதனால், அவர் தரும் எண்ணை விட்டுவிட்டு, நாமே தேடி எடுத்த எண்ணில் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

"சான்றைக் காட்டுங்க" என்று கேட்கக் கூச்சமாக இருக்கும், அவமதிப்பு போலத் தோன்றும். யோசித்தால் அது மரியாதைதான். வெள்ளையரோ கறுப்பரோ நம்ம ஆளோ, எல்லோருக்கும் ஒரே கேள்வி. நேர்மையாக வந்தவருக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

இங்கே இன்னொரு ஏமாற்றும் உண்டு. அதைச் செய்வது நாம். 'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்ற பழமொழியைப் பெரும்பாலும் பிச்சை போடாமல் தப்பிக்கத்தான் பயன்படுத்துகிறோம். "எல்லாம் ஃப்ராடு" என்று கதவைச் சாத்தினால் ஐந்து பவுண்டு மிச்சம், கூடவே நாம் ஏமாறாத ஆள் என்ற திருப்தியும். போலி வசூல்காரர் அந்த ஐந்து பவுண்டோடு, அடுத்து வரும் உண்மையானவருக்கான நம்பிக்கையையும் எடுத்துப் போகிறார். எல்லோருக்கும் பொதுவாகக் கதவைச் சாத்தும்போது, அவர் தொடங்கிய திருட்டை நாம் முடித்து வைக்கிறோம்.

ஆகவே சந்தேகத்துக்கு ஒரு கடன் உண்டு என்று நினைக்கிறேன். வாசலில் காசோ வங்கி விவரமோ தரவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. "இப்ப வேண்டாங்க, விசாரிச்சுட்டு நேரா அனுப்பறேன்" என்று சொல்லலாம். சொன்னால் அன்று ராத்திரியே விசாரிக்க வேண்டும். நிறுவனம் நிஜம் என்று தெரிந்தால் அவர்களுடைய தளத்திலேயே பணத்தை அனுப்பிவிட வேண்டும். அனுப்பாமல் விட்டால், அந்த வாசலில் நின்ற இரண்டு பேரில் நிச்சயமாகப் பொய் சொன்னவர் யார்?