புலனறிவும் பொறுமையும்

 

உலகம் ஐம்பொறிகளின் வழியாக நம்மை வந்து தொட்டவண்ணம் உள்ளது. ஒளி கண்ணைத் தொடுகின்றது. ஒலி செவியைத் தொடுகின்றது. வெம்மையும் தண்மையும் மெய்யைத் தொடுகின்றன. தொட்டவற்றுக்கு நாமும் மறுமொழி தருகின்றோம். இனியதை நாடி ஓடுகின்றோம்; இன்னாததைக் கண்டு சினக்கின்றோம், அஞ்சுகின்றோம், கை ஓங்குகின்றோம். இத்தொடுதலுக்கும் அம்மறுமொழிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கின்றது? அவ்விடத்தில் நாம் செய்ய வேண்டுவது யாது? இதனையே இவ்விதழில் சிந்திக்க விழைகின்றோம். நூற்பொருளை எடுத்துரைக்குமுன், நம்மால் நேர்ந்த பிழையொன்றைச் சொல்லிவிடுவதே முறையாகும்.

ஒரு மழைக்காலத்தில் புதுச்சேரியின் ஊர்ப்புறத்ததாகிய பண்டசோழநல்லூருக்குச் சென்றிருந்தோம். பகற்பொழுதில் அன்பர் ஒருவர் இல்லத் திண்ணையில் அமர்ந்து, கொல்லாமை என்னும் அறத்தைப் பற்றி நெடுநேரம் உரையாடினோம். மாலையில் அன்பர் தம் கழனியைக் காட்ட அழைத்துச் சென்றார். அவருடைய மருமகனாகிய இளைஞர் கையில் தடியுடன் முன்னே நடந்தார். இருள் கவியும் வேளை. வரப்பின் குறுக்கே நீண்டதொன்று அசைந்தது. "பாம்பு! அடி!" என்றொரு குரல் எழுந்தது. தடி இறங்கியது.

அன்பர் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். "சாரைதான். நம் வயலில் எலி பிடித்துத் திரிவது. பாவம், அது பாட்டுக்கு வரப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது" என்றார். இளைஞர் தலைகுனிந்து, "ஐயாதானே அடி என்றார், மாமா" என்றார்.

ஆம். குரல் கொடுத்தவர் வேறு எவருமல்லர். பகலெல்லாம் கொல்லாமை பேசிய நாமே!

நஞ்சில்லாத ஓருயிர், உழவனுக்கு ஊதியமின்றி உழைத்த உயிர், நம்மைத் தீண்ட வராமல் விலகிச் சென்ற உயிர். அதன் முடிவுக்கு நம் ஒரு சொல் போதுமானதாயிற்று. அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாம் கற்றது எங்கே போயிற்று என்று நம்மை நாமே வினவிக்கொண்டோம். அவ்வினாவுக்கு விடை நம் ஆகமப் பொருளிலேயே இருந்தது.

தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் மதிஞானத்தை நான்கு படிகளாக வகுத்துள்ளார். அவை அவக்கிரகம், ஈகை, அவாயம், தாரணை என்பன. அந்திப் பொழுதில் கொல்லையில் ஓர் உருவம் தெரிகின்றது. 'ஏதோ ஒன்று நிற்கின்றது' எனக் கொள்வது அவக்கிரகம். 'ஆளோ, நட்ட கம்போ? ஆளாயின் அசைய வேண்டுமே' என ஆராய முற்படுவது ஈகை. இங்கு ஈகை என்பது கொடையன்று. அறிய விழையும் முயற்சி. 'அதன்மீது பறவை அமர்ந்துள்ளது. ஆகவே கம்பே' எனத் துணிவது அவாயம். அத்துணிவை மறவாது மனத்துள் இருத்துவது தாரணை. ஐம்பொறியும் மனமும் ஆகிய ஆறின் வழியே இந்நான்கும் நிகழ்தலால் 24. பலவாக அறிதல், சிலவாக அறிதல், விரைந்தறிதல், மெல்ல அறிதல் முதலிய 12 வகையால் பெருக்க 288. இவற்றோடு, கண்ணும் மனமும் ஒழிந்த நான்கு பொறிகளுக்கே உரிய தெளிவற்ற முதற்பற்றுதல் 48 சேர, மதிஞானம் 336 வகைப்படும். ஒரு கணத்துப் புலனறிவை நம் முன்னோர் எத்துணை நுணுகி நோக்கினர் என்பதற்கு இக்கணக்கே சான்று.

அத்தெளிவற்ற முதற்பற்றுதலுக்குப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்த சித்தியில் புதிய மண்கலத்தை உவமை காட்டுகின்றார். வில்லியனூர்ப் பக்கத்து மண்பாண்டத் தொழிலைக் கண்டவர்களுக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். சுட்டெடுத்த புது அகலில் இரண்டு மூன்று துளி நீர் விட்டால் சுவடின்றி மறையும். மேலும் மேலும் விட, கலம் நனைந்து நீர் நிற்கும். அவ்வாறே செவியில் விழும் ஒலி முதலில் அறியப்படாமல் நின்று, பின்னரே அறிவாகின்றது. ஜெர்மனி நாட்டுப் பேரறிஞர் பெக்னர் 1860இல் வெளியிட்ட நூலில், ஒரு தூண்டல் குறிப்பிட்ட அளவை எட்டிய பின்னரே உணர்வாகும் என்பதையும், அவ்வளவை அளந்தறியும் முறைகளையும் விளக்கினார். உளவியலார் அதனை உணர்வின் வாயில் என்பர். நம் ஆசாரியரின் மண்கலமும் அவ்வாயிலையே காட்டுகின்றது.

ஈகைக்கும் அவாயத்துக்கும் காலம் தேவை என்பதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. நெதர்லாந்து நாட்டு மருத்துவ அறிஞர் டாண்டர்ஸ் என்பார் 1868இல், ஒரே குறிக்கு உடனே மறுமொழி தருவதற்கு ஆகும் காலத்தையும், பல குறிகளுள் இன்னதெனப் பிரித்தறிந்து அதற்கேற்ப மறுமொழி தருவதற்கு ஆகும் காலத்தையும் அளந்து ஒப்பிட்டார். பிரித்தறிதலுக்குக் கூடுதல் நேரம் வேண்டியிருந்தது. நொடியில் ஒரு சிறு கூறுதான். ஆயினும் அச்சிறு கூறே அறிவு தொழிற்படும் காலம்.

அக்காலத்தைக் கொடாமலே உடல் விரைவதும் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்து ஜோசப் லெடூ 1996இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கியுள்ளார். ஆபத்துபோல் தோன்றும் தூண்டல் மூளையில் இரு வழிகளில் செல்கின்றது. ஒன்று அமிக்டலா என்னும் பகுதியை நேரே அடையும் குறுக்கு வழி. விரைவானது, ஆனால் உருவைத் தெளிவாகக் காட்டாதது. மற்றது மூளையின் மேற்புறணி வழியாகச் சுற்றிவரும் வழி. சற்றே தாமதமானது, ஆனால் பகுத்துணர்த்துவது. பாதையில் கிடப்பது பாம்பா, சுள்ளியா என்பதே அவர் காட்டும் எடுத்துக்காட்டு. எலிகளைத் துன்புறுத்திப் பெற்ற அறிவு இது. அம்முறை நமக்கு உடன்பாடன்று. எனினும் அறிந்த உண்மையை நல்வழிக்குப் பயன்படுத்தல் தகும்.

இப்போது பண்டசோழநல்லூர் வரப்புக்கு மீள்வோம். நெடிய ஒன்று அசைவதாகப் பற்றியது அவக்கிரகம். அடுத்து, 'நஞ்சுடையதோ, அற்றதோ? வருகின்றதோ, விலகுகின்றதோ?' என்னும் ஈகை பிறந்திருக்க வேண்டும். அது பிறக்கவில்லை. பாம்பு என்றாலே நஞ்சு என்னும் பழைய தாரணை முந்திக்கொண்டு அவாயத்தின் இருக்கையில் அமர்ந்தது. அச்சம் சொல்லாயிற்று; சொல் தடியாயிற்று.

உடல் துணுக்குறுவது குற்றமா? அன்று. கால் பின்வாங்கியதும் நெஞ்சு படபடத்ததும் உடலின் இயல்பு. ஆனால் 'அடி' என்ற சொல் உடலின் துணுக்கன்று. அது நாம் பழகி வைத்த பழக்கம். பிரமாதம் எனப்படும் விழிப்பின்மையோடு கூடிய மன, மொழி, மெய்த் தொழிலால் உயிரைப் போக்குவதே இம்சை என்கின்றது தத்துவார்த்த சூத்திரம். தான் செய்தல், பிறரால் செய்வித்தல், செய்ததற்கு உடன்படல் மூன்றும் வினையே. தடி எடுத்தவர் இளைஞர்; செய்வித்தவர் நாம். 'தற்காப்பின் பொருட்டு நேரும் விரோதி இம்சை இல்லறத்தார்க்கு விலக்கப்படவில்லையே' என்று மனம் சமாதானம் தேடியது. விலகிச் செல்லும் உயிர் எங்ஙனம் விரோதியாகும்? அச்சமாதானமும் நிற்கவில்லை.

வயல்வெளியில் மட்டுந்தான் இப்பிழை நேர்கின்றதா? அடுக்களையில் பாத்திரம் ஓசையுடன் வைக்கப்படுகின்றது. மாமியார் அதனைச் சினத்தின் ஓசை எனத் துணிகின்றார். கை நழுவியதோ என்னும் ஈகை இல்லை. தெருவில் அண்ணன் பாராமுகமாகச் சென்றார். தம்பி அதனைப் பகை எனத் துணிந்தார். பல குடும்பங்களில் ஆண்டுக்கணக்கான மனத்தாங்கல், ஆராயாது துணிந்த ஒரு கணத்திலே வேர்கொண்டிருத்தலைக் காணலாம்.

எனில் செய்ய வேண்டுவது யாது? முதலாவது, நோக்கி நடத்தல். துறவியர் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி நடக்கும் ஈரியா சமிதியை நாம் அறிவோம். 1999இல் அமெரிக்க ஆய்வாளர் சைமன்ஸ், சாப்ரிஸ் இருவரும், பந்து எறிதலை எண்ணுமாறு பணித்து ஒரு படக்காட்சியைக் காட்டினர். நடுவே மனிதக்குரங்கு வேடமிட்டவர் நடந்து சென்றதை ஏறத்தாழ பாதிப்பேர் காணவேயில்லை! கருத்துச் செல்லாத இடத்தில் கண் திறந்திருந்தும் பயனில்லை. மழை ஓய்ந்த தெருவில் நத்தையும் எறும்பும் நம் காலடியில் உள்ளன; கருத்து வேறெங்கோ உள்ளது. இரண்டாவது, வினவிப் பழகுதல். எது தோன்றினும் 'இது யாது?' என்று ஒருமுறை உள்ளத்தே கேட்டபின் வாய் திறத்தல். மூன்றாவது, சாமாயிகம். இரண்டு நாழிகை, அஃதாவது 48 நிமிடம், ஓரிடத்தில் அமர்ந்தால் கொசு கடிக்கும், கால் மரக்கும், தெருவோசை அழைக்கும். தூண்டல் வரும், மறுமொழி தராதிருக்கக் கற்கின்றோம். அந்தக் கல்வியே வரப்பின்மீது உதவும்.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு இன்றும் உள்ளது. 57 நாளும் பசி என்னும் தூண்டல் அவரிடம் வாராமலா இருந்திருக்கும்? வந்தது, கண்டார், அசைந்திலர். அவர் நின்ற உயரம் நமக்கு எட்டாது. ஆனால் ஒரு கணம் பொறுத்தல் எவர்க்கும் எட்டும்.

அன்றிரவு பிரதிக்கிரமணத்தில் அச்சாரையை நினைந்து மன்னிப்பு வேண்டினோம். மறுநாள் காலையில் அவ்விளைஞரை அழைத்து, "தம்பி, பிழை என்னுடையது" என்றோம். அவர், "இனி விளக்கை முதலில் அடித்துப் பார்க்கிறேன், ஐயா" என்றார். நாம் ஆற்றிய நெடிய உரையைவிட அவருடைய அச்சொல் பெரிது.

விளக்கு முதலில், தடி பின்னர். பெரும்பாலும் தடிக்கு வேலையே இராது.

அருகப் பெருமான் திருவடி போற்றி! அறம் பெருகுக!