ஒன்பது சென்டிமீட்டர்

காஞ்சிபுரத்தில் என் அப்பாவுக்கு மூச்சுப் பரிசோதனை. இந்த வயதில் இந்த உயரமுள்ள ஆணுக்கு இவ்வளவு காற்று என்று ஓர் அட்டவணை உண்டு. ஆகவே முதலில் உயரம் வேண்டும். சுவரோரம் நிற்க வைத்தார்கள்: 157 சென்டிமீட்டர். நர்ஸ் அவருடைய கூனைக் கவனித்தாள். "பெரியவரே, ரெண்டு கையையும் பக்கவாட்டில நீட்டுங்க" என்றாள். விரல்நுனியிலிருந்து விரல்நுனிவரை 166. தாளில் 166தான் ஏறியது.

முறை சரிதான். விரித்த கைகளின் அகலம் ஏறக்குறைய ஆளின் உயரம். முதுகு வளைந்து குறுகலாம்; கையெலும்பு குறுகுவதில்லை. 157ஐ வைத்துக் கணக்கிட்டால் எதிர்பார்க்கும் காற்றும் குறைந்து, நோய் மறைந்துபோகும்.

ஆனால் 166 யாருடைய உயரம்? நாற்பது வருஷம் குழித்தறியில் துணிமேல் குனிந்திருந்தவர் அந்த எண்ணில் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் எலும்புகளை அளந்து, 1952இல் ட்ராட்டரும் கிளெஸரும் சூத்திரங்கள் வகுத்தார்கள். வெள்ளை ஆணுக்கு, தொடையெலும்பின் நீளத்தை 2.38ஆல் பெருக்கி 61.41 கூட்ட வேண்டும், 3.27 சென்டிமீட்டர் முன்பின் இருக்கும். முப்பதுக்கு மேல் ஒவ்வொரு வயதுக்கும் 0.06 கழிக்க வேண்டும். வயதுக்குக் கழிவு உண்டு, வேலைக்கு இல்லை.

அப்பாவுக்கு 70. அந்தக் கணக்கில் 2.4 போகும். மீதி 6.6ஐயும் தறியின் கணக்கில் எழுதிவிட எனக்கு ஆசை. ஆனால் அது வேறு தேசத்து உடல்களின் கணக்கு. கைகளும் உயரமும் எல்லோருக்கும் ஒத்துப்போவதுமில்லை. காலம் எடுத்தது எவ்வளவு, தறி எடுத்தது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியாததாலேயே யாரும் பொறுப்பாளி ஆவதுமில்லை.

இதே ஊரில் உலகளந்த பெருமாள் 30 அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறார். மாவலி தன் கண்முன் நின்ற குள்ளனின் அடியை நம்பி மூன்றடி கொடுத்தான். கண்ட உடல் மாறாது என்று நினைத்தான். அட்டவணையின் நம்பிக்கையும் அதுதான். பெருமாள் வளர்ந்தார், அப்பா குறைந்தார்.

இரண்டு எண்ணையும் எழுதச் சொன்னேன். தாளில் ஒரு கட்டம்தான் இருந்தது. வெளியே வந்ததும் அப்பா கேட்டார்:

"எவ்வளவு போட்டாங்க?"

"166."

அவர் முகம் மலர்ந்தது. கல்யாணத்தின்போது அவ்வளவு இருந்திருப்பேன் என்றார். அவருக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்த எனக்குப் பதில் இல்லை. ஆனாலும், வீட்டுக்கு வந்து தாளின் பின்பக்கத்தில் 157 என்று எழுதிவைத்தேன்.