கூட்டிய பலம் யார் கணக்கில்?

2025 நவம்பரில் இலங்கையின் வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,750 ரூபாயாகும் என்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அறிவித்தார். அடிப்படைச் சம்பளம் 1,550; வருகைக்காக அரசு தரும் கொடுப்பனவு 200. அறிவிப்போடு ஒரு பழைய கேள்வியும் எழுந்தது: கூடுதல் காசுக்கு எத்தனை கிலோ? மலையகத்தின் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இதைக் கேட்பவர்களுக்குக் காரணம் உண்டு. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் 1,000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது. சம்பளம் ஏறியது. பின்னாலேயே, ஒரு நாளில் பறித்தாக வேண்டிய தேயிலைக் கொழுந்தின் அளவும் பல தோட்டங்களில் ஏறியது. அந்தக் கிலோவை எட்டாதவர்களுக்கு அரைப் பேர், அதாவது அரை நாட்சம்பளம்.

இந்தச் சண்டைக்கு நடுவேதான் மலைக்குள் கருவிகள் வருகின்றன. கொழுந்து வெட்டும் கத்தரி பல ஆண்டுகளாகவே உண்டு. இப்போது பேட்டரியில் ஓடும் பறிப்பு இயந்திரமும் சில தோட்டங்களுக்கு வந்திருக்கிறது. மனித உடலின் ஆற்றலைக் கருவியால் பெருக்குவது பற்றி உலகமே பேசுகிறது. நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் ஒரு மனிதரின் மூளையில் சில்லைப் பதித்தது. ஃபோர்ட் நிறுவனம் 2018இல் தன் கார் ஆலைகளில் கையைத் தூக்கியபடியே வேலை செய்பவர்களுக்குத் தோளைத் தாங்கும் உடுப்பைக் கொடுத்தது. இவையெல்லாம் பணக்கார நாடுகளின் வருங்காலம் என்று நாம் படித்துக் கடந்துவிடுகிறோம். ஆனால் உடம்பும் கருவியும் சேர்ந்து எவ்வளவு உழைக்க வேண்டும், அந்த உழைப்பின் பலன் யாருக்கு என்ற கேள்வி மலையகத்தில் ஏற்கெனவே எழுந்துவிட்டது. அதற்கு விடையும் தெளிவானதே. உடலின் குறையை நிரப்பும் கருவி, உடலின் நோவைக் குறைக்கும் கருவி அறமானது. ஒருத்தியின் கையில் கருவியைக் கொடுத்து, அதைக் காட்டியே அவளுடைய கிலோவை உயர்த்துவது அறமன்று.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டை கடிக்கும் சரிவில் ஏறியவள் கொழுந்து பறிப்பவள். தலையில் மாட்டிய கூடைக் கயிறு இழுத்து இழுத்துக் கழுத்து விறைத்திருக்கும். நிறுவையில் முள் ஓரிடத்தில் நிற்கும். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்தபின் கணக்கில் விழுவது வேறோர் எண். கழிக்கப்பட்ட கிலோவைப் பற்றிக் கேட்க அவளுக்கு நேரமும் இல்லை, வாயும் இல்லை. நாளை அவள் முதுகில் பேட்டரியை மாட்டி இரண்டு மடங்கு பறிக்க வைத்தாலும் அதே தராசு, அதே கழிப்பு, அதே எழுத்துத்தான். கருவி வந்தது என்பதற்காக நிறுப்பவரின் நேர்மை வளர்ந்துவிடாது.

வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சான்றோருக்கு உவமையாகத் தராசையே எடுத்தார்: தான் முதலில் சமனாக நின்று, பிறகு பாரத்தைக் காட்டும் கோல். அவரே கொடுங்கோன்மை அதிகாரத்தில், செங்கோலைப் பிடித்துக்கொண்டு குடியிடம் பொருள் கேட்கும் அரசனை, வேலைப் பிடித்துக்கொண்டு வழிமறிக்கும் கள்வனுக்கு ஒப்பிட்டார். கேட்கும் சொல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், கேட்பவன் கையில் இருப்பதைப் பார் என்கிறார். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன யானையை யாரால் மறக்க முடியும்? விளைந்ததை அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறு நிலமும் அதைப் பல நாள் காக்கும். யானையே வயலில் புகுந்தால் நூறு வயலும் வாய்க்கு எட்டுவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே அதிகம். அந்தப் புறநானூற்றுப் பாட்டு வரி வாங்கும் அரசனுக்காகப் பாடப்பட்டது. உழைப்பை வாங்குபவர்களுக்கும் அது பொருந்தும். மனித உடம்பு ஒரு வயல்தான். அதிலிருந்து எடுக்கும் முறை ஒன்று உண்டு. மணிமேகலை சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள். கிடைத்த ஆற்றலைப் பிறர் பசிக்குத் திருப்பியதால்தான் அவள் காப்பியத் தலைவியானாள்.

தொழிலாளிகள் சம்மதித்துத்தானே இயந்திரத்தைத் தூக்குகிறார்கள் என்று சொல்லலாம். சம்மதம் என்ற சொல்லை மலையகத்தில் எச்சரிக்கையோடுதான் ஆள வேண்டும். 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. தோட்டப் பெண்கள் பெருமளவில் அந்தச் சத்திரசிகிச்சைக்கு ஆளானார்கள். கையொப்பமும் கைநாட்டும் தாளில் இருந்தன. ஆனால் கையில் காசில்லாத ஒருத்தி காசுக்காகத் தன் உடலில் ஏற்றுக்கொண்ட மாற்றத்தை, அவளது விருப்பம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியுமா? 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் இந்த மக்களின் தலைவிதியை அவர்களைக் கேட்காமலே எழுதின. கேட்கப்படாமலே வாழப் பழக்கப்பட்டவர்களின் மௌனத்தைச் சம்மதம் என்று எண்ணுவது பெரும் பிழை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இந்தத் தீவிலேயே உண்டு. போரில் கால் இழந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் என்னும் செயற்கைக் காலைப் பொருத்தினார்கள். அந்தக் காலை மாட்டியவரை, இனி நீ மற்றவர்களைவிட இரண்டு மைல் கூடுதலாக நடக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவர் எழுந்து நின்றதே போதுமாக இருந்தது. கருவி மனிதருக்காக வந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தோட்டக் கம்பனிகளின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இளையவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். மலையில் கை குறைகிறது. உலகச் சந்தையில் கென்யாத் தேயிலையோடு போட்டி. கத்தரி பிடித்தால் வயதானவர்களுக்கு விரல் நோவு குறையும் என்பதும் உண்மை. ஆகவே இயந்திரம் வரட்டும். ஆனால் அந்தக் கென்யாவிலேயே, கெரிச்சோவில், 2023இல் பறிப்பு இயந்திரங்களுக்குத் தொழிலாளர்கள் தீ வைத்தார்கள். பலன் ஒரு பக்கமும் வேலையிழப்பு மறுபக்கமுமாகப் பிரிந்தால் அப்படித்தான் முடியும்.

நம் சட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். சம்பள நிர்ணய சபை ரூபாயை நிர்ணயிக்கிறது. கிலோவைத் தோட்ட நிர்வாகம் நிர்ணயிக்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுக்க இதுவே வழி. கலிபோர்னியாவில் பண்டகசாலைத் தொழிலாளருக்காக 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம், வேலை இலக்கை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. உணவு இடைவேளையையும் மலசலகூடம் போகும் நேரத்தையும் பறிக்கும் இலக்கைத் தடுக்கிறது. மலையில் மலசலகூடமே இல்லாத இடத்தில் கொழுந்து பறிப்பவர்களுக்கு இப்படியொரு விதி எவ்வளவு அவசியம்! சபை அடுத்த முறை கூடும்போது ரூபாயோடு கிலோவையும் வர்த்தமானியில் எழுத வேண்டும். கையால் பறிப்பதற்கு ஒன்று, கத்தரிக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக. ஈரத்துக்கும் சாக்குக்கும் உள்ள கழிப்புக்கு உச்ச வரம்போடு. ஒருத்தியின் உடம்பு இயந்திரத்தைத் தூக்க முடியாதது என்று வைத்தியர் சொன்னால், அவளுக்கு முழுப் பேர் கிடைக்கும் வேறு வேலை தர வேண்டும். இதைத் தொழிற்சங்கங்கள் இப்போதே, அடுத்த இயந்திரம் மலை ஏறுமுன், மேசையில் வைக்க வேண்டும்.