காகமும் பனம்பழமும்



காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம்மில் அறியாதவர் இல்லை. பழம் நன்றாய்ப் பழுத்து, தானே விழும் தறுவாயில் இருந்தது. அந்நேரம் காகம் வந்து உட்கார்ந்தது, பழம் விழுந்தது. கண்டவன், "காகம் தள்ளிவிட்டது" என்றான். முன்னே நடந்தது காரணம், பின்னே நடந்தது அதன் காரியம் என்று எண்ணிவிட்டான். கதையைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் அதே தப்பை நம் வீட்டில் நாமே செய்கிறோம்.

புதிதாய் ஒரு மருமகள் வீட்டுக்கு வருகிறாள். இரண்டு மாதத்தில் மாமனார் நோயில் விழுகிறார். கடையில் வியாபாரம் குறைகிறது. உடனே, "இவள் கால் வைத்த வேளை" என்று பேச்சு எழும்புகிறது. மாமனாருக்குப் பத்து ஆண்டாய் நீரிழிவு உண்டென்பதையும், எதிர்ப்புறம் புதுக்கடை ஒன்று திறந்ததையும் எவரும் நினைப்பதில்லை. அந்தப் பெண்ணோ அடுப்பங்கரையில் கண்ணீர் வடிக்கிறாள். பனம்பழப் பழியால் காகத்துக்கு நஷ்டமில்லை. இங்கோ ஓர் ஆத்துமா நசுங்குகிறது.

இத்தவறுகளை ஆராய்வது புது வித்தை அன்று. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் பொய்வாதங்களை 13 வகையாய்ப் பிரித்து எழுதினார். நமது மணிமேகலையின் 29-ஆம் காதையும் ஏதுப்போலி முதலிய குற்றங்களை எண்ணிக் காட்டுகிறது. போலி என்ற பெயரே பொருத்தம். போலி நாணயத்தைப் போல, உண்மை நியாயத்தின் முகம் அதற்கு உண்டு, மதிப்பு இல்லை.

நாணயத்தைத் தட்டிப் பார்ப்பது போல நியாயத்தையும் தட்டிப் பார்க்கலாமா? பார்க்கலாம். அதற்கு ஒரு சரித்திரம் கேளுங்கள்.

வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதற் பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பயின்றார்கள். 1846-ஆம் ஆண்டு முதற் பிரிவில் பிரசவித்த தாய்மாரில் 100-க்கு 11 பேருக்கு மேல் மாண்டார்கள். இரண்டாவதில் 3 பேருக்கும் குறைவு. காரணம் என்ன? ஒருவர் காற்றின் தோஷம் என்றார். ஆனால் இரு பிரிவுக்கும் காற்று ஒன்றே. வேறொருவர் கூட்ட நெரிசல் என்றார். ஆனால் நெரிசல் இரண்டாம் பிரிவிலேதான் அதிகம்.

இன்னொரு காரணமும் சொல்லப்பட்டது. மரணத் தறுவாயில் இருப்போருக்குத் தேவதிரவிய அனுமானம் கொண்டுவரும் குருவானவர், முதற் பிரிவில் பல அறைகளைக் கடந்தே போகவேண்டும். முன்னே மணி ஒலிக்கும். அந்த ஓசையின் திகிலே தாய்மாரைக் கொல்கிறது என்றார்கள். செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் அதை நம்பவுமில்லை, தள்ளவுமில்லை, சோதித்தார். குருவானவரும் அவர் வேண்டியபடி மணியின்றிச் சுற்றுவழியாய் வந்தார். சாவு குறையவில்லை. மணி குற்றமற்றது என்று தெளிந்தது.

1847-ல் அவருடைய நண்பரான ஒரு மருத்துவர், பிணப்பரிசோதனையில் கத்தி பட்ட காயத்தால் இறந்தார். நோயின் குறிகளோ அத்தாய்மாருக்குக் கண்டவையே. பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் தாய்மாரைத் தொடுகிறார்கள். மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை. குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவும்படி கட்டளையிட்டார். 1848-ல் முதற் பிரிவின் சாவு 100-க்கு ஏறக்குறைய 1 ஆயிற்று.

இதுவும் காகமும் பனம்பழமும் தானே என்பீரோ? அல்ல. ஒருமுறை கண்டு சொன்னதன்று, மாதக்கணக்காய்க் கண்டது. பிணம் தொடாத பிரிவில் சாவு முன்னரே குறைவாய் இருந்ததும் அதற்குச் சாட்சி.

ஆயினும் மருத்துவர் பலர் ஏற்க மறுத்தார்கள். தங்கள் கையே சாவைக் கொண்டுபோயிற்று என்று ஒப்புவது யாருக்கு எளிது? இதுவே போலிகளிலெல்லாம் பொல்லாதது: கேட்கக் கசக்கிறது, ஆகையால் பொய் என்பது. இதற்கு எதிர்ப்புறமும் உண்டு: எனக்குப் பிடிக்காதவள், ஆகையால் குற்றவாளி என்பது.

பிறவிக்குருடனைக் கண்ட சீடர்கள், இது இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று கேட்டதும், ஆண்டவர் இரண்டையும் மறுத்ததும் அருளப்பர் சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். துன்பத்தைக் கண்டவுடன் குற்றவாளியைத் தேடும் புத்தி அவ்வளவு பழையது.

ஆகையால், ஒருவர்மேல் பழி சொல்லுமுன் மூன்று கேள்வி கேட்போம். இவர் இல்லாவிட்டாலும் இது நடந்திருக்குமா? வேறு காரணம் உண்டா? இவர்மேல் எனக்குள்ள வெறுப்பினால் சீக்கிரம் நம்புகிறேனா? ஆராயாமல் அயலான்மேல் குற்றம் சாட்டுவது புத்தியின் பிழை மாத்திரம் அன்று. எட்டாம் கற்பனைக்கு விரோதமான பாவமுமாகும்.

உங்கள் வீட்டில் இப்படிப் பழி சுமக்கும் ஒருத்தி உண்டோ? இன்றைக்கே அவளைக் கூப்பிட்டு, "அம்மா, தப்பு உன்மேல் இல்லை" என்று சொல்லுங்கள். அவள் இல்லாதபோது சொன்ன பழியை, அதைக் கேட்டவர்கள் முன்னிலையிலேயே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.